இரண்டு படங்களுக்கு முன்பே ஒலித்த மெட்டு

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையில் நான் முதலில் பார்த்தது மூன்றாவது படத்தின் நடுவில் வரும் சில நிமிடங்களைத்தான். பள்ளி விடுமுறை, மத்தியான நேரம். அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அறையைக் கடந்து போனபோது திரையில் ஒரு குட்டிப் பையன் (அன்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது) உயரமான விறகுக் குவியலின் மேல் யாருக்கும் தெரியாமல் ஏறி, எண்ணெய் ஊற்றித் தீ வைக்கிறான். அவ்வளவுதான். தூரத்து மலை உச்சியில் காவல் நின்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் விறகைப் பற்றவைக்கிறார்கள். அதைப் பார்த்து அதற்கடுத்த மலை, அப்புறம் அதற்கும் அடுத்த மலை. பனிமலைகளின் மேல் கேமரா பறந்துகொண்டே இருக்கிறது, இசை ஏறிக்கொண்டே போகிறது. கடைசி நெருப்பைப் பார்த்த ஒருவர் மூச்சிரைக்க ஓடிப்போய் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து ராஜாவிடம் செய்தி சொல்கிறார். ராஜா உடனே பதில் சொல்லவில்லை. மண்டபமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

யார் இவர்கள், எந்த நாடு, எதற்கு நெருப்பு, எதுவுமே எனக்குத் தெரியாது. ஆனால் மயிர்க்கூச்செறிந்தது. அந்த ராஜா ஏன் தயங்கினார் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் டிவியை அணைத்துவிட்டாள்.

"மூணாவது படத்தோட நடுவுல வந்து நின்னுகிட்டு கதை கேட்காத. சாயங்காலம் வா, முதல்ல இருந்து பார்க்கலாம்."

அன்று சாயங்காலம் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

முதல் படம் எனக்கு உடனே பிடித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயர்கள் குழப்பின. தீய அரசன் சாரோன், மந்திரவாதி சாருமான் இரண்டும் ஒரே ஆள் என்று முக்கால் மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்தி விளக்குவாள். நான் படத்துக்குள் முழுதாக விழுந்தது எல்ராண்டின் சபைக் காட்சியில். உலகையே அடக்கி ஆள சாரோன் செய்த மோதிரத்தை என்ன செய்வது என்று எல்லா இனத்தாரும் கூடிப் பேசும் இடம் அது. கோண்டோர் நாட்டிலிருந்து வந்த போரமிர் எழுந்து, தன் மக்கள் சிந்தும் ரத்தத்தால்தான் மற்றவர்களின் நிலங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று பேசுகிறான். அவன் பேச்சுக்கு அடியில், கவனிக்காவிட்டால் நழுவிப் போகும் அளவுக்கு மெல்லியதாக, கொம்பு வாத்தியத்தில் ஒரு மெட்டு வந்தது.

"அக்கா, இது அந்த நெருப்பு மெட்டு!"

அவள் படத்தை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அவள் அதுவரை அதைக் கவனித்ததே இல்லையாம். பின்னால் போய் மறுபடி கேட்டோம். அதேதான். அந்த நெருப்பு பற்றியது கோண்டோரில், இவன் பேசுவதும் கோண்டோரைப் பற்றி. மலைமலையாகப் பறந்த அந்தப் பெரிய இசை, இங்கே ஒரு தனி மனிதனின் ஊர் நினைப்பாக ஒடுங்கிக் கிடந்தது. படம் 2001-இல் வந்தது. நெருப்புக் காட்சி வருவது 2003-இல் வந்த படத்தில். இசையமைத்த ஹோவர்ட் ஷோர் இரண்டு வருடம் முன்பே அதை அங்கே ஊன்றி வைத்துவிட்டார். யாராவது கண்டுபிடிப்பார்களா என்ற கவலை அவருக்கு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தீவிர ரசிகனானது எப்போது என்று யார் கேட்டாலும் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு படத்தைக் காதால் பார்க்கப் பழகினேன். ரோஹன் நாட்டின் குதிரை வீரர்கள் வரும்போது ஒலிக்கும் வயலின் சாதாரண வயலின் இல்லை. நார்வே நாட்டின் ஹார்டாங்கர் ஃபிடில். வில் படும் தந்திகளுக்கு அடியில் வேறு தந்திகள் உண்டு. மேலே வாசிக்கும்போது அவை தானாக அதிர்ந்து கூடவே முனகும். சாருமானின் படைக்கு வரும் உலோகத் தாளத்தை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஐந்து ஐந்தாக வரும். நம் கணக்கில் கண்டம், தக தகிட. நாலு நாலாக நடந்து பழகிய காலுக்கு அது எப்போதும் ஒரு அடி அதிகம். அந்தப் படை வரும்போது ஏதோ சரியில்லை என்று மனசு பதறுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஐந்தாவது தட்டுதான்.

அக்காவிடம் இருந்த டிவிடி தொகுப்பில் படங்களை எடுத்த விதம் பற்றி மணிக்கணக்கில் ஆவணப் படங்கள் இருந்தன. படத்தை விட அவற்றைத்தான் அதிக தடவை பார்த்திருப்பேன். மூன்று படங்களையும் நியூசிலாந்தில் ஒரே மூச்சில், 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை பீட்டர் ஜாக்சன் எடுத்தார். மூன்றாவது படம் பரிந்துரைக்கப்பட்ட பதினொரு ஆஸ்கர் விருதுகளையும் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். ரசிகர்கள் கூடினால், அரகார்னாக நடித்த விக்கோ மார்டென்சன் ஹெல்மெட்டை உதைத்துக் கால்விரலை உடைத்துக்கொண்ட கதை பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். எனக்கு இவற்றைவிடப் பெரியவை வேறு.

ஒன்று, ரோஹன் நாட்டு ராஜா தியோடனின் மார்புக் கவசம். அன்று நெருப்புச் செய்தி கேட்டுத் தயங்கியவர் அவர்தான். அதன் வெளிப்பக்கம் எவ்வளவு வேலைப்பாடு என்று படத்திலேயே தெரியும். ஆனால் உள்பக்கம், நடிகரின் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் தோலிலும் குதிரைச் சித்திரங்களைப் பதித்திருக்கிறார்கள். எந்தக் கேமராவும் அங்கே போகாது. அந்த வேடத்தில் நடித்த பெர்னார்ட் ஹில்லுக்கு மட்டும்தான் தெரியும். அதை அணிந்தபோது தன்னை ராஜாவாகவே உணர முடிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதைப் பார்த்த அன்று, நெருப்புச் செய்தி வந்ததும் அவர் தயங்கும் அந்தக் காட்சியைத் திரும்பவும் போட்டேன். தன் மக்கள் அழிந்தபோது கோண்டோர் உதவிக்கு வரவில்லை என்ற மனக்கசப்பு ஒரு பக்கம், கூப்பிட்டால் போக வேண்டும் என்ற தர்மம் ஒரு பக்கம். இப்போது அந்த மௌனம் எனக்குப் புரிந்தது. அந்த மனிதரின் நெஞ்சுக்குக் கீழே குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதும் தெரிந்தது.

சங்கிலிக் கவசங்கள் இன்னொன்று. பிளாஸ்டிக் குழாயைச் சிறு வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றாகக் கையால் கோத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான வளையங்கள். கோத்துக் கோத்து அந்தத் தொழிலாளர்களின் விரல் ரேகையே தேய்ந்து போயிற்று. படத்தில் ஒரு படைவீரன் குறுக்கே ஓடும்போது அரை நொடி பளபளக்கும் அந்தக் கவசத்தை நான் இனி எப்படிக் கவனிக்காமல் விட முடியும்?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாவது படத்தில் பத்தாயிரம் பேர் கொண்ட, சாருமானின் உருக்-ஹாய் அரக்கர் படை கோட்டைக்கு வெளியே நின்று கத்துமே, அதில் கிரிக்கெட் ரசிகர்களின் குரலும் இருக்கிறது. வெலிங்டன் மைதானத்தில் ஒரு நாள் போட்டியின் இடைவேளையில் ஜாக்சன் உள்ளே இறங்கி, திரையில் சொற்களைக் காட்டி, 25,000 பேரைக் கத்த வைத்து, காலைத் தட்டவும் நெஞ்சில் அடிக்கவும் வைத்துப் பதிவு செய்தார். மேட்ச் பார்க்க வந்த இடத்தில் அரக்கர் படையாகிவிட்டு, மறுபடி உட்கார்ந்து மேட்ச் பார்த்திருக்கிறார்கள்!

படங்களுக்குப் பிறகுதான் புத்தகத்துக்குப் போனேன். டோல்கீன் எழுதி 1954, 1955-இல் மூன்று பாகமாக வந்தது. படித்ததும் படத்தின் மேல் எனக்கு ஒரு கோபம் வந்தது, இன்றும் தீரவில்லை. போரமிரின் தம்பி ஃபராமிர். புத்தகத்தில் அவன் மோதிரத்துக்கு ஆசைப்படாத மனிதன், வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டான். படத்தில் அவன் மோதிரத்தைச் சுமந்து போகும் ஃபிரோடோவையும் அவன் தோழன் சாமையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். கதை விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்று மாற்றியிருப்பார்கள். ஆனாலும் அவனுக்குச் செய்தது நியாயமில்லை. மாறாக, கடைசிப் படம் முடிந்தும் முடியாமல் இழுக்கிறது என்று பலர் குறை சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவ்வளவு தூரம் நடந்து போனவர்கள் வீட்டுக்குத் திரும்பவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்தானே. புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தியேட்டரில் வந்த வடிவத்தை முதலில் பாருங்கள். மூன்றும் சேர்த்துப் பதினொரு மணி நேரம் தாண்டும் நீட்டிக்கப்பட்ட வடிவம் அந்த உலகத்தில் குடியேறியவர்களுக்கானது.

சில வருடம் கழித்து மூன்றாவது படத்தை மறுவெளியீட்டில் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு வந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா, பேரனோடு வந்திருந்தார். பையனுக்கு எட்டு வயது இருக்கும். முடிசூடிய அரகார்ன் நடந்து வருகிறான், ஃபிரோடோ, சாம் உட்பட ஹாபிட் எனும் குட்டை இனத்தார் நால்வரும் அவனுக்குத் தலைவணங்கப் போகிறார்கள், அவன் தடுத்துவிட்டுத் தானே அவர்கள் முன்னால் மண்டியிடுகிறான். கூடியிருந்த மொத்த ஜனமும் மண்டியிடுகிறது. அரங்கமே சத்தமில்லாமல் இருந்தது.

"பாட்டி, அவர்தானே ராஜா? ஏன் அவர் கும்பிடறார்?" என்று பையன் கேட்டான். கிசுகிசுப்பாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவங்க தூக்கின பாரம் அவருக்குத் தெரியும்டா கண்ணா."

அந்த அம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வந்துவிட்டது. விளக்கு போட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். பெயர்கூடக் கேட்கவில்லை.

இதில் நான் மிக ஆழமாகப் போன இடம் எழுத்து. மோதிரத்தில் தீப்பட்டதும் ஒளிரும் அந்த வளைந்த எழுத்துகளின் பெயர் டெங்வார். டோல்கீன் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர், எழுத்தையும் மொழிகளையும் தானே உருவாக்கினார். அந்த அட்டவணையைப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் முதலில் பார்த்தபோது, இது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று தோன்றியது. வாயில் ஒலி பிறக்கும் இடத்தை வைத்து எழுத்துகளை நெடுக்காகவும், ஒலியின் வகையை வைத்துக் குறுக்காகவும் அடுக்கியிருக்கிறார். த-வுக்கு இனமாக ந, ப-வுக்கு இனமாக ம. உயிர் ஒலிகளுக்கு மெய்யின் மேல் ஏறும் குறிகள். உயிர்மெய் படித்து வளர்ந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்! எந்த மொழிக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்ற வசதியும் அந்த எழுத்திலேயே இருக்கிறது.

அக்காவின் பிறந்தநாளுக்கு அதில் ஒரு தமிழ்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் நாள் நன்றாகப் போயிற்று. மெய்யெழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்தேன். இரண்டாம் நாள் ல, ள, ழ வந்து வழியை மறித்தது. ல-வுக்கு எழுத்து உண்டு. அதன் பக்கத்தில் இருந்ததை ள-வுக்கு எடுத்துக்கொண்டேன். ழ-வுக்கு எதை வைத்தாலும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் ர வகையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். "வாழ்த்துகள்" என்ற ஒரு சொல்லை எழுதவே நாலு தாள் போயிற்று. நிப் பேனாவால் வளைவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு விரல் முழுக்க மை.

பதில் பத்து நாள் கழித்து வந்தது. ஒரு பக்கம் முழுக்க டெங்வார். அட்டவணையை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். எல்லா எழுத்தும் நான் வைத்தபடியே இருந்தது, ழ-வைத் தவிர. அவள் ல-வின் உருவத்தை எடுத்து, அதன் வாலை நாக்கு மடிவது போல உள்பக்கமாகச் சுருட்டியிருந்தாள். ஓரத்தில் சாதாரணத் தமிழில் சின்னதாக ஒரு குறிப்பு: "உன்னோட ழ தப்புடா. சொல்லிப் பாரு, நாக்கு எங்க போகுதுன்னு தெரியும்."

சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து நானும் அவள் ழ-வைத்தான் எழுதுகிறேன்.