புதுப்பிப்பு: சுழலும் கருந்துளைக்குள் சுருண்டு விழும் சிறு பொருள்

சூரியனைப்போல் 10 லட்சம் மடங்கு நிறையுள்ள சுழலும் கருந்துளைக்குள், 10 மடங்கு நிறையுள்ள சிறு கருந்துளை எப்படி விழும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். “ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை நேரடியாகச் சூப்பர் கம்ப்யூட்டரில் போட்டால் என்ன?” என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

இந்த நிறை விகிதத்தில் அது கட்டுப்படியாகாது. கடைசி ஓரிரு ஆண்டுகளில் மட்டும் சுமார் 1 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றையும் சிறிய கருந்துளையின் அளவுக்கு நுணுக்கமான படிகளாகக் கணக்கிட்டு நகர்த்த வேண்டும். அதனால்தான் சிறியதைப் பெரியதன் காலவெளியில் ஒரு மெல்லிய குலைவாக (சிறு கலக்கமாக) வைத்து, அந்தக் குலைவு எப்படிப் பரவும் என்று சொல்லும், 1970களில் இயற்பியலாளர் டியூகோல்ஸ்கி தந்த சமன்பாட்டைத் தீர்க்கிறார்கள்.

அப்புறம், கார்ட்டர் மாறிலி. எனக்கு இதுதான் இந்தக் கணக்கிலேயே அழகான இடம். பாதையை ஆற்றல், கோண உந்தம், 1968இல் பிராண்டன் கார்ட்டர் கண்டுபிடித்த மூன்றாவது மாறிலி ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஈர்ப்பலைகள் கிளம்பக் கிளம்ப இந்த மூன்றும் மெல்ல மாறும். முதல் இரண்டும் எவ்வளவு குறைகின்றன என்பதை வெளியேறும் ஈர்ப்பலையிலும் கருந்துளைக்குள் போகும் ஈர்ப்பலையிலும் நேராகப் படித்துவிடலாம். மூன்றாவதை அப்படிப் படிக்க முடியாது. பொருளின் மீது அதன் சொந்த ஈர்ப்புப் புலமே செலுத்தும் தன்விசையைப் பார்க்க வேண்டும். நீண்டகாலச் சராசரிக்கு 2003இல் யசுஷி மினோ ஒரு வழி காட்டினார். ஆனால் உள்ளே-வெளியே அசைவும் மேல்-கீழ் அசைவும் 2:3 போன்ற விகிதத்தில் ஒத்திசையும்போது அந்தச் சராசரி கைகொடுக்காது.

இந்த ஈர்ப்பலைகளை விண்வெளியிலிருந்து அளக்கப்போகும் லிசா விண்கலத் திட்டத்துக்கு 2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஒப்புதல் தந்துவிட்டது. அது விண்ணுக்குப் போவதற்குள் தன்விசையின் இரண்டாம் படிநிலை, அதாவது முதல் கணக்கின் மேல் வரும் அடுத்த நுண்திருத்தம், வேண்டும். சுழலாத கருந்துளையை வட்டமாகச் சுற்றுவதற்கு அது கிடைத்துவிட்டது. சுழலும் கருந்துளைக்கு வேலை நடக்கிறது.