மைன்ஸ்வீப்பரில் நான் எப்போது ஊகிப்பேன்

மைன்ஸ்வீப்பர், அதாவது மூடிய கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் கண்ணிவெடிகளைத் தொடாமல் மற்றதையெல்லாம் திறக்கும் கணினி விளையாட்டு, வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த நாளிலிருந்து, கண்ட இடத்தில் க்ளிக் செய்து வெடிக்க வைத்துவிட்டு மூடிப் போனவர்கள் சொல்லும் பேச்சு அது. பழைய விண்டோஸ் பதிப்புகளில் முதல் க்ளிக் வெடிக்கவே வெடிக்காது. நீங்கள் தொட்ட கட்டத்தில் கண்ணி இருந்தால், அதை மேல் இடது மூலைக்குச் சத்தமில்லாமல் மாற்றிவிடும்!

அதற்கப்புறம் எல்லாம் எண்களின் பேச்சுதான். திறந்த கட்டத்தில் இருக்கும் எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை கண்ணி என்று சொல்லும். திறக்காத கட்டங்களின் ஓரமாக 1-2-1 என்று வரிசையாக நின்றால் நான் யோசிப்பதே இல்லை. 1-களுக்கு நேரே கண்ணி, 2-க்கு நேரே பத்திரம். ஏன் என்று கேட்டால், நடுவில் கண்ணி இருப்பதாக வைத்துப் பாருங்கள். 2-க்கு இன்னொன்று பக்கத்திலேயே வேண்டும். அது எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்து 1-க்கு இரண்டு கண்ணி ஆகிவிடும். 1-2-2-1 என்றால் 2-களுக்கு நேரே கண்ணி. இந்த இரண்டும் கைக்குப் பழகிவிட்டால் இடைநிலை, அதாவது 16-க்கு 16 பலகையில் 40 கண்ணி, பெரும்பாலும் தடங்கலில்லாமல் போகும்.

எக்ஸ்பர்ட் என்ற கடினமான நிலை வேறு கதை. 480 கட்டத்தில் 99 கண்ணி, ஐந்துக்கு ஒன்று. இங்கேதான் பூவா தலையா வந்து நிற்கும். மூலையில் இரண்டு கட்டம், ஒரு கண்ணி, சுற்றியுள்ள எண்கள் இரண்டையும் ஒரே மாதிரித் தொட்டுக்கொண்டிருக்கும். எத்தனை நேரம் முறைத்தாலும் விடை வராது. பலர் அதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவார்கள். நான் கண்டவுடன் ஒன்றைத் திறந்துவிடுவேன். எப்படியும் பாதிக்குப் பாதிதான், போவதானால் பலகை முழுக்க உழைத்த பிறகு போவானேன்?

ஆனால் எல்லா மூலையும் அப்படி இல்லை. சில இடங்களில் ஒரு வழியில் வைத்தால் ஒரு கண்ணி போதும், இன்னொரு வழியில் இரண்டு வேண்டும். அதை மட்டும் கடைசிக்கு விட்டுவைப்பேன். மற்றதெல்லாம் முடிந்ததும் மேலே இருக்கும் மீதிக் கண்ணி எண்ணே விடையைச் சொல்லிவிடும். இதைக் கவனிக்காமல் குருட்டாம்போக்கில் க்ளிக் செய்பவர்களைப் பார்த்தால் கை பரபரக்கும்.

ஒரு பலகையில் உள்ள எண்கள் முரண்படாமல் கண்ணிகளை வைக்க முடியுமா என்பதே பொதுவாக என்பி-முழுமைச் சிக்கல், அதாவது எல்லாப் பலகைக்கும் வேகமாக விடை தரும் வழி எதுவும் இதுவரை தெரியாத வகை, என்று கணிதவியலாளர் ரிச்சர்ட் கே 2000-இல் நிறுவினார். ஆக, திணறுவது நாம் மட்டுமில்லை.

இன்னொன்று, கண்ணி என்று தெரிந்த கட்டத்தில் அடையாளமாகக் கொடி நடுவது கட்டாயமில்லை. கண்ணியில்லாத கட்டம் எல்லாம் திறந்தால் வெற்றிதான். ஆனால் மேலே உள்ள எண் குறைவது கொடி நட்டால்தான். நடாமல் ஆடினால் மீதியை மனசுக்குள் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.