வரைகதிர்த் திரையா, திசையன் திரையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கதிரை நேரடியாகக் கோடுகளின் வழியே நகர்த்திப் படம் வரையும் திரையான வெக்டர் டிஸ்பிளேவுக்கு என்ன தமிழ்ச்சொல் என்ற நம் உரையாடலில், 'திசையன் திரை' என்று ஐயா அவர்கள் முன்மொழிந்ததன் காரணம் வலுவானது. 1979இல் அட்டாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸ் ஆட்டத்தில், 6502 செயலி தானே படம் வரைவதில்லை. அது நினைவகத்தில் ஆணைகளை எழுதி வைக்க, தனியொரு மின்சுற்று அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, திரையை ஒளிரச் செய்யும் எலக்ட்ரான் கதிரை நகர்த்துகிறது. கோடு வரையும் ஆணையில் இருப்பவை, கிடையாக எவ்வளவு, நெடுக்காக எவ்வளவு, எந்த ஒளியளவில் என்பவையே. அளவும் திசையும் உள்ள அது திசையன்தான்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆயினும் அது நினைவகத்தில் கிடப்பதன் பெயர். திரைக்கு அது பொருந்தாது. இன்றைய கைப்பேசியின் எழுத்துருக்களும் திசையன் வடிவில்தான் சேமிக்கப்படுகின்றன, ஆனால் அவை தெரிவது புள்ளிக் கட்டங்களாலான திரையில். 'திசையன் திரை' என்றால் படிப்பவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வார். வேறுபாடு கதிர் நடக்கும் விதத்தில் இருப்பதால், சொல்லும் அங்கிருந்தே பிறக்க வேண்டும்.

சேலம் அம்மாபேட்டையில் தறிச்சத்தத்தில் வளர்ந்த எனக்கு இது எளிதில் புரிந்தது. குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் தறியின் நாடா, பூ விழும் இடம் விழாத இடம் என்று பாராமல் பாவின் (நீளவாட்டு நூல்களின்) அகலம் முழுக்க ஓடுவதைப் போலவே, பழைய தொலைக்காட்சியில் கதிர் வரிவரியாகத் திரை முழுவதும் ஓடும். வெக்டர் டிஸ்பிளேயோ, இரவில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறும் வண்டியின் விளக்கை ஊரிலிருந்து பார்ப்பது போன்றது: பாதை உள்ள வழியில் மட்டுமே ஒளி நகரும், ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் தோன்றும். ஆகவே முன்னதை 'நெய்கதிர்த் திரை' என்றும் பின்னதை 'வரைகதிர்த் திரை' என்றும் அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஊடையை (குறுக்கு நூலை) வைத்து 'ஊடுகதிர்' என்றுதான் முதலில் எண்ணினேன். அது எக்ஸ்ரேக்கு ஏற்கெனவே வழங்கும் சொல் என்பதால் விட்டுவிட்டேன்.

துணைச்சொற்களும் தேவைப்படுகின்றன. நான் வடிவமைத்துவரும் பலகையில், எண்களை மின்னழுத்தமாக்கும் 12 பிட் இலக்க-ஒப்புமை மாற்றிகள் இரண்டு, மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவியான பழைய ஆசிலோஸ்கோப் ஒன்றின் கிடை, நெடு உள்ளீடுகளை இயக்குகின்றன. ஒவ்வோர் அச்சிலும் 4096 நிலைகள் கிடைத்தும், முதல் நாள் வரைந்த முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மணி கோத்ததுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தன. அடுத்த ஆணையைப் படிக்கும் சிறு பொழுதில் கதிர் அணையாமல் முனையிலேயே நின்றதுதான் காரணம். ஒளி உள்ளீட்டுக்குத் தனி இணைப்பு கொடுத்து அப்பொழுதில் கதிரை அணைத்ததும் புள்ளிகள் போயின. இச்செயலைக் 'கதிர்மறைப்பு' என்றும், ஆணைகளைப் படித்துக் கதிரை நடத்தும் சுற்றை 'வரைகதிர் இயக்கி' என்றும் குறிக்கலாம். நினைவகத்தில் உள்ளது 'திசையன் ஆணை' என்றே இருக்கட்டும். ஐயா அவர்களின் சொல்லுக்கு உரிய இடம் அதுவே.

ஸ்பாட் கில்லர் என்பதற்கு மட்டும் இன்னும் மனம் நிறையவில்லை. கதிரை நகர்த்தும் விலக்கச் சுற்று நின்றுபோனால், கதிர் ஒரே புள்ளியில் நிலைத்துத் திரையின் உட்புற ஒளிர்பூச்சைப் பொசுக்கிவிடும். அதற்குள் கதிரை அணைத்துவிடும் சுற்று அது. 'புள்ளிக்கொல்லி' என்பது காக்கப்படும் பொருளைச் சொல்லவில்லை. 'திரைக்காப்பு' கணினியின் ஸ்கிரீன்சேவரை நினைவூட்டுகிறது. என் வரைபடத்தில் இப்போதைக்குப் 'பூச்சுக்காப்பு' என்று எழுதியிருக்கிறேன். இதனினும் பொருத்தமான சொல் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.