ராம் வேகம் கூட்டினவங்க அனுபவம்: நம்ம கடலோரத்துல எது நிக்குது, எது கவுக்குது

கீழக்கரையிலிருந்து:

கல்யாண வீடியோ எடிட் பண்ற பையன் ஒருத்தன், "ரைசன் 5 3600 ப்ராசசர் போட்டும் டைம்லைன் திக்குது காக்கா"ன்னு (எங்க ஊர்ல காக்கான்னா அண்ணன்) சிபியுவைத் தூக்கிட்டு வந்தான். ராம் ஸ்டிக்கர்ல வேகம் 3200, டாஸ்க் மேனேஜர்ல ஓடுறது 2133. போதாக்குறைக்கு ரெண்டு ராமும் பக்கத்து பக்கத்து ஸ்லாட்ல, அதாவது டேட்டா ஒரே வழியில போற சிங்கிள் சேனல். ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுக்கு மாத்திட்டு பயாஸ்ல எக்ஸ்எம்பி (ராம் கம்பெனியே போட்டு வச்ச வேக செட்டிங்) ஆன் பண்ணேன். 1.2 வோல்ட் 1.35 ஆச்சு, டைமிங், அதாவது ராமோட காத்திருப்பு எண்கள், 16-18-18-38-ன்னு தானா வந்து உக்காந்துச்சு. திக்கல் நின்னுடுச்சு. முக்கால்வாசி பேருக்கு வேலை இதோட முடிஞ்சது.

"3600 வேக ராம் வாங்கியிருந்தா பறந்திருக்குமா காக்கா?"ன்னு அடுத்த கேள்வி. சிஎல் எண்ணை (டைமிங்ல முதல் எண்) 2000-ஆல பெருக்கி ராம் வேகத்தால வகுங்க, காத்திருக்கிற நேரம் வரும். 2133-க்கு சிஎல் 15-ன்னா 14 நானோசெகண்ட். 3200-க்கு 16-ன்னா 10. 3600-க்கு 18-ன்னா அதுவும் 10தான். ஒரே நேரத்துல அள்ளுற டேட்டா கூடும், காத்திருக்கிற நேரம் அப்படியேதான் இருக்கும். ரைசன் 3000 வரிசையில ஃபேப்ரிக் (ப்ராசசருக்குள்ள டேட்டா ஓடுற பாதை) 1800 மெகாஹெர்ட்ஸுக்கு மேல ஏற முரண்டு பிடிக்கும், ராமோட நிஜ கிளாக் ஸ்டிக்கர் எண்ணுல பாதிங்கிறதால 3600 ராமுக்கு அது சரியான ஜோடி. அதுக்கு மேல போனா ரெண்டும் பிரிஞ்சு ஓடி தாமதம் கூடிடும். 4000 போட்டுட்டு மார் தட்டுறவங்களப் பாத்தா எனக்குச் சிரிப்புதான்.

மண்டபத்திலிருந்து:

காக்கா சொன்னது சரி. ஆனா எக்ஸ்எம்பியோட நிறுத்தாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மச்சான் இன்டெல் பி560 போர்டுல, யூடியூப்ல எவனோ காட்டின நம்பரையெல்லாம் அப்படியே போட்டிருந்தான். அதுல டிரெஃபை (ராமுக்கு எத்தனை கிளாக்குக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ்ங்கிற எண்) 65535. மார்கழி ராத்திரி, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் சுத்தமா பாஸ். அக்னி நட்சத்திரத்துல, தகரக் கூரை ரூம்ல, மதியம் கரண்ட் வந்து மெஷின போட்டா ஜிப் ஃபைல் திறக்கல, சிஆர்சி எரர், அதாவது உள்ள டேட்டா மாறிப்போச்சு. ப்ளூ ஸ்க்ரீன் வந்திருந்தாலாவது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சத்தமில்லாம போட்டோ ஃபோல்டர்ல பாதி கெட்டுப்போயிருந்துச்சு.

காரணம் இதுதான்: ராம் செல்லுல இருக்கிற சார்ஜ் தானா கசியும், சூடு ஏற ஏற வேகமா கசியும். அதனாலதான் டிடிஆர்4-ல சராசரியா 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு ரெஃப்ரெஷ், அதாவது சார்ஜை மறுபடி ஏத்துறது. 85 டிகிரியைத் தாண்டினா அந்த இடைவெளியையும் பாதியாக்கணும். 3200-ல 65535-ன்னா கிட்டத்தட்ட 41 மைக்ரோசெகண்ட். ஊட்டியில வேணா நிக்கலாம், ஹீட் சிங்க் இல்லாத பச்சை ராமுக்கு மண்டபத்துல நிக்காது. திரும்ப ஆட்டோல விட்டதும் எரர் போச்சு. இப்ப நான் மெம்டெஸ்ட் போடுறது மத்தியானம்தான், அதுவும் ஏசி இல்லாம.

தொண்டியிலிருந்து:

அண்ணே, நம்ம பக்கம் டைமிங்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ராமைக் கழட்டிப் பாருங்க. கடற்கரைத் தெருவுல ஜன்னல் திறந்தே கிடக்குற வீட்டு மெஷின் ஒண்ணு, 3200-ல பூட் ஆகாது, 2133-ல ஓடும். ராம் மட்டம்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்க. கழட்டினா தங்கப் பல்லு மேல உப்புப் பூத்து, ஓரத்துல பச்சையா திட்டு. காண்டாக்ட் சரியில்லன்னா மெதுவா ஓடுறப்ப சமாளிச்சிடும், வேகம் கூட்டினா சிக்னல் தாங்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துணியால துடைச்சு, ஸ்லாட்டை ப்ளோயரால ஊதிட்டு போட்டேன், 3200 நின்னுச்சு. எல்லாரும் பண்ற மாதிரி ரப்பர் வச்சு அழுத்தித் தேய்க்காதீங்க, தங்க முலாம் ரொம்ப மெல்லிசு. அது போயிட்டா அடுத்த தடவை உப்பு நேரா உள்ள இறங்கிடும்.