மொட்டை மாடி வெப்ப ஆய்வு: வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில குடும்பங்கள் சேர்ந்து, மொட்டை மாடியின் ஒரு பாதிக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, மறுபாதியை அப்படியே விட்டு, அவற்றின் கீழுள்ள வீடுகளின் வெப்பநிலையைக் கோடைக்காலம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவு செய்திருக்கிறோம். வெயிலை எதிரொளிக்கவென்றே தயாரிக்கப்படும் புதிய வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பக்கூடியது. தூசியும் பாசியும் படியப் படிய அந்தத் திறன் குறையும் என்பதால், முதல் வாரத்து அளவை மட்டும் வைத்து முடிவு சொல்வது நேர்மையாகாது என்று கருதுகிறேன்.

உண்மையான சிக்கல் ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் பகலெல்லாம் சன்னல் திறந்திருக்கும், இன்னொன்றில் ஏசி ஓடும், வேறொன்றில் மேற்குச் சுவரே மாலை வெயிலை வாங்கி உள்ளே அனுப்பும். இவற்றையெல்லாம் கூரையின் விளைவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? பூச்சு அடிப்பதற்கு முன்பே எல்லா வீடுகளிலும் சில வாரங்கள் அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படும் மாற்றத்தை, பூச்சு இல்லாத பாதியின் கீழுள்ள வீடுகளின் மாற்றத்தோடு ஒப்பிடலாம் என்று எண்ணுகிறோம். கான்கிரீட் பகலில் உள்வாங்கிய வெப்பத்தை இரவிலும் மெல்ல வெளியிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் தூக்கமின்றித் தவிக்கும் இரவு நேரத்து அளவுகளை விட்டுவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

இந்த முறை போதுமா என்பதையும், வெப்பமானியைக் கூரையின் அடிப்பரப்பில் ஒட்டுவதா, அறையின் நடுவே நேரடி வெயில் படாமல் தொங்கவிடுவதா என்பதையும் கட்டடவியலோ புள்ளியியலோ அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். இத்தகைய ஆய்வை ஏற்கெனவே நடத்தியவர்கள், தாங்கள் பயன்படுத்திய பதிவுப் படிவத்தையும் அன்புகூர்ந்து பகிருங்கள்.