பயான் லெப்பாஸில் பிர்ச் தோப்பு வளருமா?

மூலைவீட்டுக்காரர்:
சென்ற ஜனவரியில் மகளைப் பார்க்கக் கேம்பிரிட்ஜ் போயிருந்தேன். ஆங்கிள்சி ஆபியின் குளிர்காலத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். பாதை முடியும் இடத்தில் இமயமலை பிர்ச் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஓர் இலை கிடையாது. சுண்ணாம்பு அடித்ததுபோல் தண்டுகள் மட்டும். இங்கே பினாங்கின் பயான் லெப்பாஸில் என் வீட்டுப் பக்கவாட்டில் 50 அடி நீளம், 30 அடி அகலத்தில் நிலம் சும்மா கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். பிர்ச் விதை வாங்கிப் போட்டால் வருமா?

ரெலாவ் அக்கா:
வராது. குளிரில் உறங்கி எழும் மரம் அது. 833 மீட்டர் உயரத்தில் இருக்கும் பினாங்கு மலையில்கூட அந்தக் குளிர் இல்லை. காசைக் கரியாக்காதீர்கள்.

பழைய தோட்டக்காரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஆசையை விட வேண்டாம், ஐயா. பிர்ச்சின் நிழல் கனமில்லாதது. அதனால்தான் அதன் அடியில் பனிக்காலத்தில் ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூ பூக்கிறது, டாக்வுட் புதரின் செங்குச்சிகள் எடுப்பாகத் தெரிகின்றன. அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு மரத்தை மாற்றுங்கள்.

தண்ணீர் நிற்கும் மண் என்றால் கெலாம் வையுங்கள். சதுப்பு நிலத்து மரம். வெளிறிய பட்டை தாள் தாளாக உரியும். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். அந்தக் காலத்தில் படகுப் பலகைகளின் இடுக்கை இதை வைத்துத்தான் அடைத்தார்கள். செங்குச்சிக்குப் பதில் பினாங் ராஜா. சிவந்த தண்டுள்ள அந்தப் பனைக்கும் ஈரம் பிடிக்கும். அடியில் ஸ்னோடிராப்புக்குப் பதில் வெள்ளை மழை அல்லி.

நமக்குப் பருவம் இல்லை என்பவர்கள் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரி வறட்சியில் மொத்தத் தோட்டமும் இலை கொட்டுமே! கெலாம் தண்டில் ஒரு புறா ஆர்க்கிட்டைக் கட்டிவிடுங்கள். திடீர் மழையில் ஊர் குளிர்ந்தால், ஏறக்குறைய ஒன்பதாம் நாள் வட்டாரத்துப் புறா ஆர்க்கிட்டுகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள்தான், அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
டெக்கோமா மரத்தை மறந்துவிட்டீர்களே! வறட்சி முடியும்போது தெருவே இளஞ்சிவப்பாகிவிடும்.

பழைய தோட்டக்காரன்:
சாலையோரத்தில் அழகுதான், தம்பி. தண்ணீர் நிற்கும் குழியில் அதை நட்டுச் சாகடிக்க வேண்டுமா?

மூலைவீட்டுக்காரர்:
கெலாம் வேர் கால்வாயை உடைக்குமா? மூன்று வைக்கலாமா?

பழைய தோட்டக்காரன்:
பெரிய மரம், ஐயா. சுவருக்கும் கால்வாய்க்கும் 15 அடி விடுங்கள். உங்கள் அகலத்துக்கு நடுக்கோடு மட்டுமே மிஞ்சும். இரண்டு வையுங்கள், போதும். பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சருகு அவர் பக்கமும் விழும்.