தினமும் அப்ளை செய்தும் அழைப்பு வருவதில்லை, எங்கே தடுக்கிறது?

கேள்வி:
அக்கவுண்ட்ஸ் வேலைக்கு லிங்க்ட்இன், இன்டீட் இரண்டிலும் தினம் பத்துப் பதினைந்து இடங்களுக்கு அப்ளை செய்கிறேன். ரெஸ்யூம் பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த டெம்ப்ளேட், பிடிஎஃப். எதை மாற்றலாம்?

பதில் 1:
முதலில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ரெஸ்யூம்களைப் படித்துப் பிரிக்கும் நிறுவனத்தின் மென்பொருளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதுதான். இரண்டு பத்தியில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து "எக்செல் 2019 பி.காம். சீனியர் அக்கவுண்டன்ட் 2022" என்று கூழாகிவிடலாம். எதுவுமே ஒட்டவில்லை என்றால் பக்கம் முழுக்கப் படம், எழுத்தே இல்லை. வேர்டு கோப்பில் ஹெடருக்குள் போட்ட ஃபோன் நம்பரைச் சில மென்பொருள்கள் தாண்டிப் போய்விடும். ஒரே பத்தி, டேபிள் வேண்டாம், திறமைக்கு நட்சத்திரம் போடவே வேண்டாம்.

விளம்பரத்தில் இருக்கும் சொல்லையே எழுதுங்கள், அந்த வேலை தெரிந்தால் மட்டும். வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம் நோட்பேடில் பல்லிளிப்பதுபோல் ஹெச்.ஆர். திரையிலும் பல்லிளிக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நேரத்தையும் கவனியுங்கள். லிங்க்ட்இனில் கடந்த 24 மணி நேர ஃபில்டரைப் போட்டால் பிரவுசர் முகவரியில் 86400 என்று வரும். ஒரு நாளின் வினாடிகள். அதை 3600 ஆக்கி என்டர் தட்டினால் கடைசி ஒரு மணி நேரத்து விளம்பரங்கள் மட்டும். அறிவிக்கப்பட்ட வசதி இல்லை, என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகலாம். பதவிப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் தேடினால் சம்பந்தமில்லாதவை குறையும்.

அப்ளை செய்யுமுன் அதே வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஆள் எடுத்து முடிந்திருக்கலாம், பல இடத்து விளம்பரங்களைத் திரட்டும் தளங்களில் மட்டும் பழைய விளம்பரம் தொங்கும். இருந்தால் அங்கேயே அப்ளை செய்யுங்கள்.

பதில் 3:
தினம் பதினைந்து அதிகம். மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் முதல் நான்கு வரியை மாற்றி எழுதுங்கள். பயிற்சிக்கோ லேப்டாப்புக்கோ முன்பணம் கேட்டாலும், நேர்காணலைச் சாட்டிலேயே முடித்தாலும் அத்தோடு விட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வருவதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். போலி முகவரியில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கலாம். அடையாள அட்டை எண், பிறந்த தேதி எதுவும் ரெஸ்யூமில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஒட்டிப் பார்த்தேன். பெயரும் ஃபோன் நம்பரும் வரவே இல்லை.

பதில் 1:
ரெஸ்யூமின் மேலே இருக்கும் அலங்காரப் பட்டை படமாகச் சேர்ந்திருக்கலாம். இரண்டையும் சாதாரண எழுத்தாக முதல் வரியில் அடித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தளங்களில் ஏற்றி வைத்த பழைய கோப்பையும் அழித்துவிடுங்கள், அடுத்த முறை அப்ளை செய்யும்போது அதுவே தேர்வாகி நிற்கலாம்.